அளவுச் சட்டை

என் கணவர் நல்ல மனிதர். படிவம் நிரப்பத்தான் தெரியாது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து டாக்டரிடம் பதிவதற்கு, கவுன்சிலுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று எத்தனையோ படிவங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பியிருக்கிறார். தன் தொழிலைக் கேட்ட இடத்தில் 'பஸ் டிரைவர்' என்று பெரிய எழுத்தில் அழுத்தி எழுதுவார். மனைவியின் தொழில் என்ற இடம் வந்ததும் யோசிக்காமல் 'ஹவுஸ்வைப்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவர் அதை எழுதும் நேரத்தில் பக்கத்து அறையில் என் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு முறை கேட்டேவிட்டேன்.

"அப்ப என்னெண்டு எழுதச் சொல்லுறீர்? கடை இருக்கோ? போர்ட் இருக்கோ?" என்றார்.

கடையும் இல்லை, போர்டும் இல்லை. குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தொழிற்சாலை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் வெட்டுகிற மேசை, மூலையில் ஆள் உயரக் கண்ணாடி. கல்யாண சீசனில் லண்டனின் மறுகோடியில் இருக்கிற டூட்டிங்கிலிருந்துகூட ரயில் மாறிப் பெண்கள் வருவார்கள். அவ்வளவு தூரம் வருகிறவர்களே, ஏதாவது விழாவில் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யும்போது, "இவ சும்மா வீட்டில இருந்து சட்டை தைக்கிறா" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை கொதிக்கும். ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது ஊசியும் நூலும் மட்டும்தான் என்னிடம் இருந்தன. அதை வைத்து நான் செய்ததெல்லாம் சும்மாவா?

எங்கள் பெண்கள் உடம்பை அளக்க விடமாட்டார்கள். கூச்சம் பாதி, மனப்பயம் பாதி. அளவு நாடா எண்ணைச் சொல்லிவிடும். நன்றாகப் பொருந்துகிற பழைய சேலைச் சட்டை ஒன்றைப் பையில் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதுதான் அளவுச் சட்டை. "இது மாதிரியே, அன்ரி. கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கி" என்பார்கள். நான் அதை உட்புறம் திருப்பிப் பார்ப்பேன். எந்தத் தோள் தாழ்ந்தது, எந்தக் கை அதிகம் வேலை செய்கிறது, கடைசியாகப் போட்டபோது மூச்சு முட்டியதா இல்லையா என்று எல்லாமே அதில் இருக்கும்.

எனக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, அளவுச் சட்டை போட்டுப் போட்டுத் தளர்ந்திருக்கும்; ஆகவே ஒவ்வொரு தையலிலும் அரை இஞ்சி, அதாவது அரை அங்குலம், உள்ளே பிடித்துத் தைக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே இரண்டு இஞ்சி துணி மடக்கி விட வேண்டும். ஏனென்றால் எங்கள் பெண்கள் ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் இடையில் ஒரே அளவாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலை செய்யும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பது என் பழக்கம். தான் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்கக் கிடைக்கிற ஒரே நேரம் அதுதான் என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பட்டு உடுப்பு என் வாழ்க்கைக்குள் ஒரு வாடிக்கையாளரின் போனில் வந்தது. அவள் முப்பது தாண்டிய பெண். வால்தம்ஸ்டோ பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வரவேற்பு மேசையில் வேலை. என் உயரம்கூட இல்லை, மெலிந்த தேகம். சட்டை எடுக்க வந்தவள், "அன்ரி, இதைப் பாருங்கோ" என்று ஒரு படத்தைக் காட்டினாள்.

மங்கிய நாவற்பழ நிறத்தில் ஒரு பெரிய பட்டு உடுப்பு, மேசையில் படுத்திருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பெண் ஒருத்தி அணிந்தது. பட்டு மடிப்புக்கு மடிப்பு கிழிந்துபோவதால் இனி அதை நிறுத்தி வைக்கவே முடியாதாம். அதனால், அது எப்படித் தைக்கப்பட்டதோ அதே முறையில், கையாலேயே அச்சொட்டாக இன்னொன்று தைத்து, புதிய காட்சி அறை திறக்கும் நாளில் ஒரு பெண்ணுக்கு அணிவித்து மாடிப்படியில் இறங்கி நடக்கவிடுவதாகத் திட்டம். அதற்கென்று ஒரு நிபுணரைப் பிடித்தார்கள். அவர் உடுப்பை ஒரு மாதம் அளந்து, படம் வரைந்து, வெள்ளைத் துணியில் ஒத்திகையாக ஒன்று தைத்தார். அது எங்கேயும் உட்காரவில்லை. பிறகு அவருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

"பட்டு ஒருக்காத்தான் நெய்விச்சது, அன்ரி. பழைய பட்டு மாதிரி ஒடுக்க அகலத்தில. வெட்டிப் பிழைச்சா வேற இல்லை. எல்லாரும் பயந்துபோய் இருக்கினம்."

"ஆர் போடப்போறது?"

"நான்தான்" என்று சிரித்தாள். "ஸ்டாஃப் எல்லாரும் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுப் பாத்தவை. ஒருத்தற்ற கையும் உள்ளுக்குப் போகேல்லை. எனக்கு மட்டும்தான் போச்சு."

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்ணின் அளவு இந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அளவுச் சட்டை முழுசாக் கையில இருக்கேக்க ஏன் பிள்ளை ஒரு மாதம் அளந்தவை?" என்றேன்.

அவள் அதைப் போய் அங்கே சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை என்னை வரச் சொன்னார்கள்.

அங்கே பழைய பொருட்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாளர் ஒரு உயரமான ஆங்கிலேயப் பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். என் ஆங்கிலம் ஜெர்மன் வழியாக வந்தது, வேண்டாத இடத்தில் கட்டளை போலக் கேட்கும். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என்னைக் கை கழுவச் சொன்னார். மோதிரமும் காப்பும் கழற்றச் சொன்னார். பிறகு மெல்லிய காகிதத்தை விலக்கி, இரண்டு கைகளாலும் உடுப்பின் மேற்பாகத்தை மெதுவாக உட்புறம் திருப்பிக் காட்டினார்.

 மெஷின் வீட்டுக்கு வீடு வராத காலத்தில் தைத்தது. ஒவ்வொரு தையலும் கை. ஒரு இஞ்சிக்குள் பதினைந்து, பதினாறு தையல் எண்ணினேன். பட்டையும் முரட்டுப் பருத்தி லைனிங்கையும் முதலில் ஒன்றாக இணைத்து, பிறகு இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைத்திருந்தார்கள். நானும் பட்டுச் சட்டைக்கு அப்படித்தான் செய்கிறேன். கைக்குழியைச் சுற்றி, உள்ளே நூல் வைத்த மெல்லிய பைப்பிங். அதையும்தான் நான் செய்கிறேன். முன்பக்கம் கொளுக்கிகள், ஒன்று இப்படி ஒன்று அப்படித் திரும்பி, இழுபட்டாலும் கழலாது. தையல்களின் மேல் சின்னச் சின்ன உறைகள், அவற்றுக்குள் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் எலும்பு. அது நான் காணாதது. தோள் தையல் தோளில் இல்லை, முதுகுப் பக்கம் சரிந்து கிடந்தது. கை, தோளுக்குக் கீழே தொடங்கியது. இதைப் போட்டவள் கையை உயர்த்திக் கொண்டை போட்டிருக்கவே முடியாது. வேறு யாரோ போட்டுவிட்டிருப்பார்கள்.

நான் வாய் திறந்தேன். திறந்தால் மூடத் தெரியாது.

"இவ வலக்கைக்காரி. வலப்பக்கக் கக்கத்தில்தான் வியர்வை. இடது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இருக்கிறவ, பாருங்கள், அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் ஒரு பை இருக்க வேண்டும்."

பாவாடையின் மடிப்புக்குள் கை விட்டார் காப்பாளர். பை இருந்தது. அதைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரிந்ததுதான் அவருக்கு ஆச்சரியம்.

பக்கத் தையலைக் காட்டினேன். தையலின் இரண்டு புறமும் கால் இஞ்சி தள்ளி, நூல் இல்லாமல் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். "இது பிரித்துப் பெருப்பித்தது. இவவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது" என்றேன், கோயில் ஐயர் நாள் பார்த்துச் சொல்வதுபோல.

அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அதை எழுதிக்கொண்டார். பிறகு அவர் ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் லண்டனுக்குத் தொலைவில் இருந்த பெண்கள், நன்றாகப் பொருந்துகிற பழைய மேற்சட்டை ஒன்றைத் தையற்காரிக்குத் தபாலில் அனுப்பிவைப்பார்களாம். அதைப் பார்த்து அவள் புதிதைத் தைத்து அனுப்புவாளாம்.

"அதற்கு எங்களிடம் ஒரு பெயர் இருக்கிறது" என்றேன். அளவுச் சட்டை என்று எழுத்துக்கூட்டி அவருடைய கொப்பியில் எழுதவைத்தேன்.

வேலை எனக்குத் தரப்பட்டது. பழைய உடுப்பை வீட்டுக்குத் தரமாட்டார்கள்; அங்கேயே வைத்துப் பாகம் பாகமாகக் காகிதத்தில் பதிந்துகொண்டு வந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. பட்டை வெட்டுவதற்கு முன் வெள்ளைத் துணியில் ஒரு ஒத்திகை தைத்து, கோர்செட் என்கிற இறுக்குக் கச்சின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். தலையாட்டினேன். ஆனால் தைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு சட்டையை இரண்டு தரம் தைத்தவள் இல்லை நான். நிபுணர் செய்ததைத்தானே என்னையும் செய்யச் சொல்கிறார் என்று உள்ளே ஒரு வீம்பு. உடுப்பின் கையை மட்டும் வெள்ளைத் துணியில் வெட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல காலைப்பொழுதில் குளித்து, விளக்கேற்றி, கத்திரிக்கோலைப் பட்டில் வைத்தேன்.

மூன்று மாதம் மெஷின் மேல் போர்வை போட்டிருந்தது. வந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தி, "வெள்ளைக்காரிக்குத் தைக்கப் போய் எங்களை மறந்திட்டியளோ?" என்று முறைத்துக்கொண்டே போனாள். நான் பொருட்படுத்தவில்லை.

பாவாடையை முதலில் தைத்தேன். ஒடுக்கமான பட்டு ஏழு அகலம், கரையோடு கரை சேர்த்து நேர்த் தையல். வெட்டே இல்லை. பட்டு வீணாகாமல் பிறகு பிரித்து வேறொன்று தைக்கலாம் என்று அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள். சேலையைக் கிழிக்க மனம் வராத எனக்கு அந்த யோசனை பிடித்தது. மேல் விளிம்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரிசை நூலோட்டம் ஓட்டி, இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால், நான்கு கஜத் துணி சின்னச் சின்னக் குழல்களாகச் சுருங்கி இடுப்பு அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு குழலையும் தனித்தனியாக இடுப்புப் பட்டியோடு இரண்டு தையலால் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பில் நிலத்தில் உரசித் தேயாமல் ஒரு கம்பளி நாடா, அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

கையால் தைப்பதில் என் கண்ணுக்குப் பெரிய பாடு ஊசி கோப்பதுதான். இரண்டாம் கிழமையில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாசலில் நின்று நான் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். போய்த் தன் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை வேணும்?"

"இருபது. நூலைத் தேன்மெழுகில இழுத்துப்போட்டுக் கோருங்கோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சாயந்தரம் இருபது ஊசி கோத்து, ஊசி குத்துகிற சின்ன மெத்தையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார். இருபதாவது ஊசியைக் குத்தும்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். பஸ்ஸைக் கராஜில் கொண்டுபோய் விட்ட மனிதரின் முகம் அது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. அருங்காட்சியகத்தின் பின்னறையில் அந்த வரவேற்பு மேசைப் பெண்ணுக்குக் கோர்செட்டைக் கட்டினார்கள். பாவாடை அவள் இடுப்பில் போய் ஒட்டிக்கொண்டது. காப்பாளர் கையைக் கோத்துக்கொண்டு "அருமை" என்றார். நான் மேற்பாகத்தைப் போட்டுவிட்டேன். கை ஏறியது. முதுகு உட்கார்ந்தது. முன்பக்கக் கொளுக்கிகளைக் கிட்டக் கொண்டுவந்தேன். அவை சந்திக்கவில்லை.

நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோர்செட் தெரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். "இழுத்துக்கொண்டுதான் அன்ரி நிக்கிறன்" என்றாள் பாவம்.

 காரணம் அந்த நிமிஷமே விளங்கியது. அரை இஞ்சி. அளவுச் சட்டை தளர்ந்திருக்கும் என்று பக்கத் தையல் இரண்டிலும் முதுகுத் தையல் இரண்டிலும் அரை அரை இஞ்சியாக என் கை தானாகப் பிடித்திருக்கிறது. மூளையைக் கேட்காமலே பிடித்திருக்கிறது. எங்கள் மெல்லிய சட்டை தளரும். முரட்டு லைனிங்கும் எலும்பும் வைத்துக் கட்டிய உடுப்பு எப்படித் தளரும்?

"வெள்ளைத் துணியில் இது சரியாக இருந்ததா?" என்று காப்பாளர் மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்ல ஒரு வினாடி நேரம் இருந்தது. "நான் அதைத் தைக்கவில்லை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. பட்டு வேறு இல்லை, அழைப்பிதழ்கள் போய்விட்டன. என் முன்னறைக்குள் நான் யாராக இருந்தாலும், இந்த அறைக்குள் இப்போது ஒரு வீம்புக்காரி மட்டும்தான் என்று எனக்குப் பட்டது. 

"உள்ளே இரண்டு இஞ்சி விட்டிருக்கிறேன்" என்றேன். "ஐந்து நாள் தாருங்கள்."

வீட்டுக்கு வந்து பிரிக்கத் தொடங்கினேன். எலும்பை உருவி, பைப்பிங்கைக் கழற்றி, நான்கு தையலையும் ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தேன். துணி தாராளமாக இருந்தது. ஆனால் பருத்தியைப்போல இல்லை பட்டு. ஊசி போன இடத்தை மறக்காது. புதுத் தையல் போட்டதும் பழைய துளைகள் அதன் இருபுறமும் வரிசையாக வெளியே தெரிந்தன. ஆவி காட்டிப் பார்த்தேன், நகத்தால் வருடிப் பார்த்தேன். போகவில்லை. கணவர் ஊசிகளைக் கோத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"கைக்குக் கீழதானே, ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன்."

அச்சொட்டாகத் தைக்கிறேன் என்று வாங்கிய வேலை. காட்டாமல் மறைத்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான்காம் நாள் மேற்பாகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காப்பாளரிடம் போனேன். குறை எங்கே என்று நானே காட்டுவதற்காக, பழைய உடுப்பின் பக்கத்தில் என்னுடையதை உட்புறம் திருப்பி விரித்தேன்.

தையலின் இரண்டு புறமும் கால் இஞ்சி தள்ளி, ஊசித் துளைகள் வரிசையாக. இரண்டிலும்.

பக்கத் தையல் மட்டும் இல்லை. முதுகுத் தையல்களிலும் அதேபோல. அன்றைக்குப் பெரிய மனுஷி மாதிரித் தீர்ப்புச் சொன்ன அவசரத்தில் நான் முதுகைப் பார்க்கவேயில்லை. பிள்ளை பெற்றவளுக்கு யாராவது முதுகைப் பிரித்துப் பெருப்பிப்பார்களா? துளைகள் இருந்த இடத்து லைனிங்கைக் கிட்டப் பார்த்தேன். அந்தப் பழைய மடிப்பில் வியர்வையும் இல்லை, தேய்வும் இல்லை. அந்த ஒடுக்கமான அளவில் உடுப்பை யாரும் ஒரு நாள்கூடப் போட்டதில்லை. போடுவதற்கு முன்பே பிரித்திருக்கிறார்கள். நான்கு தையல். ஒவ்வொன்றிலும் அரை இஞ்சி.

 எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத சிரிப்பு.

"நான் அன்று சொன்னது பிழை" என்றேன் காப்பாளரிடம். "இவவுக்குப் பிள்ளை பிறந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பிழைவிட்டது தையற்காரி. தபாலில் வந்த பழைய சட்டையைப் பார்த்துத் தைத்திருக்கிறாள். பழசு, தளர்ந்திருக்கும் என்று நான்கு தையலிலும் அரை அரை இஞ்சி பிடித்திருக்கிறாள். போட்டுப் பார்த்தபோது கொளுக்கி சந்திக்கவில்லை. உள்ளே துணி விட்டிருந்தபடியால் தப்பினாள்."

காப்பாளர் இரண்டு உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பழைய உடுப்பின் முதுகைத் தன் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனார். "இத்தனை பேர் பார்த்தோம்" என்றார். "இந்தத் துளைகளை யாருமே விளங்கிக்கொள்ளவில்லை. உங்களுடையதுதான் சரியான பிரதி." பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். தையற்காரியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் எந்தத் தெருவில் இருந்தாள் என்றும் தெரியாது. ஆனால் அவளுடைய கை என்னுடைய கையைப்போலவே மூளையைக் கேட்காத கை. அந்த மேசையருகே நின்று எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் முயலவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அருங்காட்சியகக் கூடம் நிறைந்திருந்தது. சூட் போட்ட ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம். குட்மேய்ஸிலிருந்து என் வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பட்டுச் சேலையில் இன்னொரு பக்கம்; முறைத்துக்கொண்டு போனவளும் வந்திருந்தாள். அவர்கள் எல்லாரும் போட்டிருந்த சட்டையும் நான் தைத்ததுதான். கணவர் கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாடியில் முதலில் சத்தம்தான் கேட்டது. ஏழு அகலப் பட்டு ஒன்றாக அசைகிற சத்தம். பிறகு அவள் வந்தாள். என் முன்னறைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய பெண்ணாக இல்லை. கையை உயர்த்த ஏலாது, ஆகவே தலை நிமிர்ந்தது. குனிய ஏலாது, ஆகவே நடை நிதானமானது. ஒவ்வொரு படிக்கும் பாவாடை விரிந்து மீண்டும் கூடியது. முன்பக்கக் கொளுக்கிகள் பன்னிரண்டும் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றன. கூடம் கைதட்டியது. என் வாடிக்கையாளர்கள் நிறுத்தவேயில்லை.

"இதை இவதான் தைச்சவ. முழுக்கக் கையால" என்று முறைத்துக்கொண்டு போனவள் பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னாள். சும்மா என்ற சொல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் வரவேற்பு மேசைப் பெண் தன் சொந்த உடுப்புக்கு மாறினாள். பட்டு உடுப்பைத் தலையில்லாத பொம்மைக்கு அணிவித்து, பழைய உடுப்பு படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பாவாடை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. நான் முழங்காலில் இருந்து, வாயில் ஆறேழு குண்டூசியோடு அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது காப்பாளர் ஒரு வெள்ளை அட்டையும் பேனாவுமாக வந்தார். உடுப்பின் முன்னால் வைக்கிற அட்டை. தைத்தவர் என்று போட்டு, என் பெயர் எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

"இந்த இடத்தில் என்ன எழுதுவது?" என்று கேட்டார். "அலுவலகத்தில் 'உள்ளூர்த் தொண்டர்' என்று போடச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனால் வாய் நிறையக் குண்டூசி. ஒரு கை விளிம்பில், மற்றக் கை மடிப்பில். காப்பாளர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அட்டையையும் பேனாவையும் என் கணவரிடம் நீட்டினார்.

போச்சு, என்று நினைத்தேன். எத்தனை படிவங்கள் பார்த்தவள் நான்.

கணவர் என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஊசி கோக்கிற கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். பேனாவை அட்டையில் வைத்து ஒரு நிமிஷம் யோசித்தார். இந்தக் கேள்விக்கு அவர் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பெரிய எழுத்தில் அழுத்தி எழுதி, எனக்குத் தெரியும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தார்.

ட்ரெஸ்மேக்கர்.

"இருபத்தைந்து வருஷமாக" என்று காப்பாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், தன்னுடைய சர்வீஸைச் சொல்வதுபோல.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மெத்தையில் குத்தினேன்.

"இருபத்தேழு" என்றேன்.